இடுப்பெலும்பு முறிந்த அம்மாவுக்கு எந்த வகைப் பராமரிப்பு பொருந்தும்?

கேள்வி: பாளையங்கோட்டையில் தனியாக வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 78. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், இரண்டு மாதங்களுக்கு முன் அறுவை சிகிச்சை நடந்தது. வாக்கர் பிடித்து நடக்கிறார். இரவில் குழப்பமாகப் பேசுகிறார். இருக்கும் வீட்டை விற்று, கோவையில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கலாம் என்கிறார் அண்ணன். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதும் என்கிறார் அக்கா. நான் பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். எது சரி?

பதில்: இப்போதைக்கு வீட்டை விற்க வேண்டாம். இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகு நடமாட்டம் தேறுவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும் என்பதால், இரண்டாம் மாதத்தில் காணும் இயலாமையை வைத்து நிரந்தர முடிவுக்கு வரக் கூடாது. இரவுக் குழப்பத்தையும் மறதிநோய் என்று நீங்களாகவே தீர்மானித்துவிடாதீர்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் முதியோருக்கு வரும் மனக்குழப்பம் சிலருக்கு வாரக்கணக்கில் நீடிப்பதுண்டு. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு, தூக்க மாத்திரை ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். இவற்றுள் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டி, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் அவர் முன் வைத்து, இந்தப் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள்.

அடுத்து, குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குச் செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறு செயல்களில் எவற்றைத் தாமாகச் செய்கிறார், எவற்றுக்குத் துணை வேண்டும் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அன்றாடச் செயல்களை ஒருவர் எந்த அளவுக்குத் தாமாகச் செய்கிறார் என்று மதிப்பிட, 1963-இல் வெளியான காட்ஸ் அளவுகோல் கணக்கில் கொள்வதும் இவற்றைத்தான். இவற்றோடு நான் எப்போதும் சேர்த்துக் கேட்கும் கேள்வி, இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பதாகும். பராமரிப்பின் வகையைப் பல நேரங்களில் அந்த விடையே தீர்மானித்துவிடுகிறது.

ஒருமுறை மட்டும் எழுகிறார் என்றால் அக்கா சொல்வது போதும். பலமுறை எழுபவரைப் பகல் முழுவதும் உழைத்த ஒரே ஆள் இரவிலும் கண்விழித்துக் காக்க முடியாது. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் தேவைப்படுவர். அந்தச் செலவையும், உதவிப் பணியாளர்கள் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்தின் மாதக் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டிலேயே வைத்துக்கொள்வதானால், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே வந்து அளிக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அண்ணன் சொல்லும் குடியிருப்புகள், தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் முதியோரை மனத்தில் வைத்து அமைக்கப்படுபவை. சமையல், காவல், அவசர அழைப்பு மணி ஆகியவை இருக்கும். ஆனால் குளிப்பாட்டவும் கைபிடித்து நடத்தவும் பெரும்பாலும் தனியாகப் பணம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியிருக்கும். தேறி நடமாடும் நிலை வந்த பிறகு, அம்மா விரும்பினால், வாங்காமல் வாடகைக்குச் சில மாதங்கள் தங்கிப் பார்க்கலாம். மூக்குக்குழாய், படுக்கைப்புண் போன்ற நிலைகளுக்குச் செவிலியர் உள்ள இல்லம் தேவைப்படும். உங்கள் அம்மா அந்த நிலையில் இல்லை.

எந்த இல்லமானாலும் ஒருமுறை இரவு எட்டு மணிக்குப் பிறகு சென்று பாருங்கள். அந்நேரத்தில் எத்தனை பணியாளர்கள் விழித்திருக்கிறார்கள், குழப்பத்தில் எழுந்து நடப்பவரைக் கட்டிலோடு கட்டிவைக்கும் வழக்கம் உண்டா, நெஞ்சுவலி என்றால் எந்த மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வார் என்று நேரடியாகக் கேளுங்கள். உடல்நிலை எந்த அளவுக்கு மோசமானால் வெளியேறச் சொல்வார்கள், முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்னும் இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பேசித் தெளிவாக இருக்கும் பகற்பொழுதில் அம்மாவையும் உடன் அழைத்துச் சென்று காட்டுங்கள். அவருடைய சம்மதம் இல்லாமல் நீங்கள் மூவரும் கூடி முடிவெடுப்பது நியாயமன்று.

செலவைப் பங்கிடும்போது வீட்டைப் பிள்ளைகளில் ஒருவர் பெயருக்கு மாற்றலாம் என்ற பேச்சும் எழக்கூடும். அம்மா மனமுவந்து தானப்பத்திரம் எழுதுவதானால், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதில் வெளிப்படையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரித் தீர்ப்பாயத்தை அவர் அணுக முடியும்.