3000 ஆர்.பி.எம். தாண்டினால் நடுங்கும் போட்டு: முதலில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள்

கேள்வி: தெலுக் இந்தான் பக்கத்தில் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். போன வருஷம் 19 அடி ஃபைபர் போட்டு (படகு) ஒன்றை, பின்னால் வெளியே மாட்டும் 90 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜினோடு, பழசாக வாங்கினேன். சனி ஞாயிறில் மகனோடு பேராக் ஆற்றில் இறாலுக்குத் தூண்டில் போடப் போவேன். சில வாரங்களுக்கு முன் மிதந்து வந்த கட்டையில் அடித்துவிட்டது. அதிலிருந்து 3000 ஆர்.பி.எம். தாண்டினால் ஸ்டீயரிங் கையில் அதிர்கிறது, பின்பக்கம் முழுக்க நடுங்குகிறது. ஸ்பார்க் பிளக் மாற்றினேன், பலனில்லை. இன்ஜின் மவுண்ட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள் பெங்கேலில் (பட்டறையில்). மாற்றட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பழைய இன்ஜின் என்பதால் மவுண்ட் ரப்பர் தளர்ந்திருக்கலாம். ஆனால் ரப்பரின் வேலை நடுக்கத்தை அடக்குவது. நடுக்கம் பிறப்பது பெரும்பாலும் வேறு இடத்தில். புது ரப்பர் போட்டால் கொஞ்ச நாள் குறைந்த மாதிரி இருக்கும், உள்ளே தேய்மானம் நிற்காது. கட்டையில் அடித்த நாளிலிருந்து தொடங்கியது என்கிறீர்கள், வேகம் ஏறினால்தான் வருகிறது என்கிறீர்கள். இரண்டும் தண்ணீருக்கு அடியில் சுழலும் பாகத்தைத்தான் காட்டுகின்றன.

காரணம் தெரியும்வரை 3000-ஐத் தாண்ட வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். ஆடிக்கொண்டே சுழலும் ஷாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு) முதலில் ஆயில் சீலைத் தேய்க்கும். சீல் விட்டால் கீர் ஆயிலில் ஆற்றுத் தண்ணீர் கலக்கும். அதன்பின் பேரிங், அதன்பின் கீர். புரொப்பெல்லரை நிமிர்த்துவதோடு முடிய வேண்டிய செலவு, கீர்பாக்ஸையே மாற்றும் செலவாக வளர்வது இப்படித்தான்.

ஆற்றில் இருக்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜினைச் சூடாக்கி, நியூட்ரலில் வைத்து, மெதுவாக 2500 வரை ஏற்றுங்கள். சில விநாடி போதும். பாரம் இல்லாமல் நெடுநேரம் ஏற்றி வைப்பது இன்ஜினுக்கு நல்லதல்ல. அங்கே வழுவழுவென்று ஓடி, கீர் போட்டு வேகமெடுக்கும்போது மட்டும் நடுங்கினால், கோளாறு கீருக்குக் கீழே. நியூட்ரலிலேயே உதறினால், குறிப்பாக ஐடிலில் தடுமாறினால், ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். பிளக் மாற்றிவிட்டீர்கள், அடுத்தது பெட்ரோல் ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பாதி காலியாகக் கிடக்கும் டாங்கியில் தண்ணீர் சேர்வது சாதாரணம்.

உங்கள் விஷயத்தில் இன்ஜின் பக்கம் குற்றம் இருக்காது என்றே நினைக்கிறேன். ஆகவே போட்டை டிரெய்லரில் ஏற்றி, சாவியை எடுத்து, இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் துண்டித்துவிட்டுப் பின்பக்கம் வாருங்கள். புரொப்பெல்லரில் கை வைக்குமுன் இந்த மூன்றையும் ஒருநாளும் விடாதீர்கள்.

கியரை நியூட்ரலில் வைத்துப் புரொப்பெல்லரைக் கையால் சுற்றுங்கள். ஒரு குச்சியைக் கீர்பாக்ஸ் உடம்பில் டேப் ஒட்டி நிறுத்தி, அதன் நுனி ஓர் இதழின் ஓரத்தை உரசினாற்போல் வையுங்கள். மற்ற இதழ்களின் அதே இடம் குச்சிக்கு நேராக வருகிறதா? ஓர் இதழ் விலகியோ முட்டியோ நின்றால் அது வளைந்திருக்கிறது. பிறகு கழற்றி, சமமான மேஜைமேல் கவிழ்த்து வைத்து, ஒவ்வோர் இதழிலும் ஒரே புள்ளியிலிருந்து மேஜைக்கு உள்ள உயரத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். கண்ணுக்கு நேராகத் தெரிகிற இதழ் அளவில் மாட்டிக்கொள்ளும். ஆலையில் ஃபேன் இறக்கை ஒன்று மட்டும் வளைந்தால் பேரிங் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதுவும் அதேதான். 90 எச்.பி. இன்ஜின்களில் கீர் விகிதம் பொதுவாக 2-க்குச் சற்று மேல் இருக்கும். இன்ஜின் 4000 சுற்றும்போது புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1900 சுற்று. அந்த வேகத்தில் இதழ்களின் வளைவு ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் மட்டும் தண்ணீரை அதிகமாகத் தள்ளும். அந்த உதைதான் ஸ்டீயரிங்குக்கு வருகிறது.

ஓரத்தில் சின்னப் பல் விழுந்திருந்தால் அரத்தால் மெல்லத் தேய்த்து விடலாம். வளைந்த இதழைச் சுத்தியலால் தட்டி நேராக்காதீர்கள். மூன்று இதழின் பிட்சும், அதாவது சாய்வும், ஒன்றாக வர வேண்டும். அதற்கு அளவுக்கட்டை வைத்திருக்கும் புரொப்பெல்லர் கடைதான் சரி. நிமிர்த்திய பிறகு பேலன்ஸ் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம்விடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. அதே ஸ்பிளைன் (ஷாஃப்டில் பொருந்தும் உள்பற்கள்), அதே அளவு, அதே பிட்ச் உள்ள புரொப்பெல்லரைப் படகுத்துறையில் தெரிந்தவரிடம் ஒரு மணி நேரத்துக்கு வாங்கி மாட்டி ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் போய்விட்டால் விடை கிடைத்தது.

போகாவிட்டால் ஷாஃப்ட். புரொப்பெல்லர் இல்லாமல், நியூட்ரலில், ஷாஃப்ட் நுனிக்கு எதிரே அதே குச்சியை நிறுத்திக் கையால் சுற்றுங்கள். நுனி வட்டம் போட்டு ஆடுவது வெறும் கண்ணுக்குத் தெரிந்தாலே அது மாற்ற வேண்டிய ஷாஃப்ட். சந்தேகமாக இருந்தால் டயல் கேஜ் வையுங்கள். அது உங்களுக்குக் கைவந்த கருவி. வளைந்த ஷாஃப்டை நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஷாஃப்ட் வெளியே தெரியும்போதே சீலின் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். தூண்டில்காரர் போட்டில் இது முக்கியம். தங்கூஸ் நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் நுழைந்து, ஷாஃப்டைச் சுற்றி இறுகி, சீலை அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஊசிமூக்குக் குறடால் ஒரு துண்டு மிச்சமில்லாமல் எடுங்கள். அப்படியே கீர் ஆயிலையும் பார்த்துவிடலாம். அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்திச் சில சொட்டு எடுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, சீல் மாற்றாமல் ஓட்டக் கூடாது. காந்தத் திருகில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் பயமில்லை. கையில் உறுத்தும் இரும்புத் துணுக்கு இருந்தால் கீர்பாக்ஸைத் திறந்தாக வேண்டும்.

ரப்பர் புஷ் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டையில் அடிக்கும்போது கீர் உடையாமல் காப்பதற்காகப் புரொப்பெல்லரின் நடுவில் ரப்பர் புஷ் வைத்திருக்கிறார்கள். அது வழுக்க ஆரம்பித்தால் ஆர்.பி.எம். ஏறும், போட்டு ஏறாது. நடுக் குழாயிலிருந்து வெளி உடம்புவரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் புஷ் போய்விட்டது.

திரும்ப மாட்டும்போது ஸ்பிளைனில் மரின் கிரீஸ் தாராளமாகத் தடவுங்கள். தடவாமல் விட்டால் அடுத்த முறை புரொப்பெல்லர் கழன்று வராது. திரஸ்ட் வாஷரை மறந்துவிட்டோ தலைகீழாகவோ போட்டால் புரொப்பெல்லர் கீர்பாக்ஸில் உரசும். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின் எப்போதும் புதிது.

மவுண்டை இதற்குப் பிறகு பாருங்கள். இன்ஜினின் கீழ்க்காலைப் பிடித்து முன்னும் பின்னும் இடமும் வலமும் தள்ளும்படி மகனிடம் சொல்லி, நீங்கள் டிரான்ஸம் (இன்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகை) பக்கம் குனிந்து கவனியுங்கள். இன்ஜின் மட்டும் தன் தாங்கிக்குள் லொடலொடத்தால் மவுண்ட். தாங்கி போட்டோடு சேர்ந்து அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. டிரான்ஸம் பலகையே வளைந்து கொடுத்தாலோ, போல்ட் ஓட்டையில் பழுப்புத் தண்ணீர் கசிந்தாலோ, ஃபைபருக்குள் இருக்கும் பிளைவுட் உளுத்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் தண்ணீரில் இறக்காதீர்கள். பழைய போட்டு வாங்கும் எல்லாரும் முதலில் பார்க்க வேண்டியது இது, கடைசியில் பார்ப்பதும் இதுதான்.

திருப்பத்தில் மட்டும் நடுங்கி, ஆர்.பி.எம். திடீரென்று பாய்ந்தால் அது வேறு கதை. புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது. டிரிம்மை, அதாவது இன்ஜினின் சாய்வை, கீழே இறக்குங்கள். அப்போதும் நிற்காவிட்டால் இன்ஜின் மிக உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; புரொப்பெல்லருக்கு மேல் இருக்கும் தட்டு போட்டின் அடிமட்டத்துக்கு நேராகவோ, ஓர் அங்குலத்துக்குள் மேலாகவோ இருக்க வேண்டும்.

இனிப் பராமரிப்பு. கீர் ஆயில் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஓட்டாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை. புது ஆயிலைக் கீழ்த் துளையிலிருந்து மேல்நோக்கி ஏற்றி, மேல் துளையில் வழியும்வரை நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நின்றுவிடும். இரண்டு திருகுக்கும் புது வாஷர். உங்கள் ஆறு சேறு கலந்தது, கடல் ஏற்றத்தில் உப்பும் ஏறி வரும். ஆகவே தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லரை வருஷா வருஷம் மாற்றிவிடுங்கள், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் இன்ஜினைக் கழுவுங்கள். ஆனோடு (இன்ஜின் அரிக்காமல் தான் கரையும் உலோகத் துண்டு) அலுமினியத்தில் வாங்குங்கள். உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் துத்தநாகத்தைவிட அது நன்றாக வேலை செய்யும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்.

நிப்பா பனை மட்டையும் கட்டையும் மிதக்கும் ஆற்றில் ஸ்டெயின்லஸ் புரொப்பெல்லர் வேண்டாம் என்பது என் கருத்து. அலுமினியம் அடிபட்டால் தானே வளைந்து ஷாஃப்டைக் காக்கும். அதே அளவில் இன்னொன்று, ஸ்பானர், காட்டர் பின், ஒரு மரக்கட்டை ஆகியவை போட்டிலேயே இருக்கட்டும். நட்டைக் கழற்றும்போது இதழுக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் அந்தக் கட்டையை வைத்தால் புரொப்பெல்லர் சுற்றாது.

புரொப்பெல்லர், ஷாஃப்ட், கீர் ஆயில் மூன்றும் சுத்தமாக இருந்து, அப்போதும் மவுண்டில் ஆட்டம் தெரிந்தால், பெங்கேல்காரர் சொன்னபடி மாற்றிவிடுங்கள். மேல் ஜோடி, கீழ் ஜோடி இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.