டிராக்டர் ஓடிவிட்டது, ஆர்.சி. இன்னும் மச்சான் பெயரில்

கேள்வி: மனைவி வழியில் எனக்கு மச்சான் முறை ஆகும் ஒருவரிடம் 22 எச்.பி. மினி டிராக்டர் ஒன்றை ரூ.1,85,000-க்குப் பேசி வாங்கினேன். ரூ.1,50,000 கொடுத்துவிட்டேன். மீதி 35,000-ஐப் பெயர் மாற்றும்போது தருவதாகப் பேச்சு. வண்டி பட்டுக்கோட்டைப் பக்கம் அவருடைய தென்னந்தோப்புக் கொட்டகையில் இரண்டு வருடமாக நின்றது. "பேட்டரி மட்டும்தான் டவுன், மாத்துனா ஓடிடும்" என்றார். புது பேட்டரி போட்டும் ஓடவில்லை. டேங்க் முழுக்கத் துருவும் தண்ணீரும். டீசல் பம்ப் ஜாம். மூன்று நாசிலும் மாற்ற வேண்டியதாயிற்று. ஹெட் கேஸ்கட் போய் ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. மெக்கானிக் முதலில் 20,000 என்றார், கடைசியில் 64,000 ஆனது. இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது, என் மகன்தான் ஓட்டுகிறான். சொந்தம் என்றும் பார்க்காமல் ஏமாற்றியவரிடமிருந்து இந்த 64,000-ஐ வாங்க வேண்டும். போலீஸில் புகார் கொடுக்கலாமா, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? போன வாரம் பைனான்ஸ் ஆட்கள் இருவர் வந்து வண்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது.
– வாசகர், நீடாமங்கலம் வட்டம்

பதில்:

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். அதில் மூன்றரைப் பக்கம் இன்ஜினுக்கும் மச்சானுக்கும் போய்விட்டது. பைனான்ஸ் ஆட்கள் வந்து போனது கடைசியில் இரண்டே வரி. உங்கள் வழக்கு முழுவதும் அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது. ஆர்.சி. (பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறது, அதில் ஹெச்.பி. பதிவு, அதாவது வண்டி பைனான்ஸுக்கு அடமானம் என்ற குறிப்பு, நிற்கிறதா, கடனில் பாக்கி எவ்வளவு என்பதைத்தான் இன்றைக்கு நீங்கள் பார்க்க வேண்டும்.

இன்ஜின் செலவை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். அந்த 64,000-ஐக் கோர்ட் மூலம் வாங்குவது நடக்காத காரியம். நீங்கள் அனுப்பிய 20 ரூபாய் பத்திர நகலில், "மேற்படி வண்டியை நேரில் பார்வையிட்டு, உள்ளது உள்ளபடி முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஒரு தனிநபர் விற்கும் பழைய வண்டியின் தரத்துக்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொதுவாக எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அவர் வியாபாரி அல்ல, தன் சொந்த வண்டியை விற்றவர். அதனால் நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கு நிற்காது. "பேட்டரி மட்டும்தான்" என்றது பொய்யாகவே இருக்கட்டும். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தீர்களா, ஆயில் குச்சியை உருவிப் பார்த்தீர்களா என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வி கேட்பார். தண்ணீர் கலந்த ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும் என்பது டிராக்டர் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அதோடு, ஹெட்டைக் கழற்றி வேலை பார்த்த அன்றே நீங்கள் வண்டியை ஏற்றுக்கொண்டுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கழற்றிய பம்ப்பும் நாசில்களும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால் சாட்சியமும் அதோடு போயிற்று.

மெக்கானிக் மீதுள்ள வருத்தத்தையும் விட்டுவிடுங்கள். திறக்காத இன்ஜினுக்கு யார் சொன்னாலும் அது உத்தேசக் கணக்குதான். அவரிடமும் பம்ப் கடையிலும் பில் மட்டும் கேட்டு வாங்குங்கள். பின்னால் பேரம் பேசும்போது உதவும்.

அதே பத்திரத்தில் நாலு வரி கீழே மச்சான் எழுதிக் கொடுத்திருப்பதைப் பாருங்கள். "வண்டியின் பேரில் எவ்விதக் கடனோ வில்லங்கமோ கிடையாது." உங்களுக்கு இருக்கும் ஒரே பலம் இந்த வரி. விற்ற பொருள் மூன்றாம் நபரின் பாத்தியதை எதுவும் இல்லாதது என்ற உத்தரவாதம் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-வது பிரிவிலேயே இருக்கிறது. அவர் அதை எழுதியும் கொடுத்துவிட்டார். ஒன்று மட்டும் கவனம்: உங்களிடம் இருக்கும் ஆர்.சி. நகலில் பைனான்ஸ் பெயர் அச்சாகி இருக்கிறது. அதனால் "கடன் இருந்ததே தெரியாது" என்று யாரிடமும் சொல்லாதீர்கள், எடுபடாது. கடன் முடிந்துவிட்டது, என்.ஓ.சி. (பைனான்ஸ் தரும் தடையில்லாச் சான்று) வர வேண்டியதுதான் பாக்கி என்று அவர் சொன்னதை நம்பி வாங்கியிருந்தால், நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

இந்த வரியை வைத்துப் போலீஸில் புகார் கொடுக்கலாமா என்றால், பாக்கி இருப்பது தெரிந்தே இல்லை என்று எழுதிக் கொடுத்தவர் மீது பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவின்படி மோசடிப் புகாருக்கு இடம் இருக்கிறது. இருந்தும் இப்போது கொடுக்காதீர்கள். வழக்குப் பதிவானால் உங்கள் டிராக்டர் வழக்குச் சொத்தாகி ஸ்டேஷன் வளாகத்துக்குப் போய்விடும். அதை இடைக்காலமாகத் திரும்பக் கேட்டு மனு போட்டால் மாஜிஸ்திரேட் முதலில் பார்ப்பது ஆர்.சி.யை. அதில் உங்கள் பெயர் இல்லை. பெயர் உள்ள மச்சானும் கேட்பார், ஹெச்.பி. போட்ட பைனான்ஸும் கேட்கும். இருவருக்கும் பின்னால்தான் நீங்கள். 64,000 செலவு செய்து ஓட வைத்த வண்டி, ஓடும் நிலையிலேயே அவர்கள் கைக்குப் போகும். புகார் கொடுத்தவரே வண்டியை இழந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்குக்கூட நியாயம் இல்லாமல் இல்லை. காகிதம்தான் இல்லை.

பைனான்ஸ் தரப்பு இதைவிட வலுவானது. தவணை தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ளக் கடன் ஒப்பந்தம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கும். எடுத்த பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 51-வது பிரிவின்படி தங்கள் பெயரிலேயே புது ஆர்.சி. வாங்கிக்கொள்ளவும் முடியும். நீங்கள் கொடுத்த 1,50,000 அந்தக் கணக்கிலேயே வராது.

இதைப் படித்ததும் உங்களுக்கு அடுத்து என்ன தோன்றும் என்பது தெரியும். "சரி, பாக்கியை நானே கட்டிவிட்டு வண்டியை மீட்டுக்கொள்கிறேன்" என்பீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் நான் பார்த்தவரை ஆட்கள் அதிகம் ஏமாந்தது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடன் மச்சான் பெயரில் இருக்கிறது. நீங்கள் கட்டும் பணம் அவர் கடனைத்தான் தீர்க்கும். என்.ஓ.சி. அவர் பெயருக்கு வரும், ஹெச்.பி. ரத்தாகும். அந்த நிமிடத்திலிருந்து எந்த வில்லங்கமும் இல்லாத ஒரு டிராக்டருக்கு ஆர்.சி.படி சொந்தக்காரர் அவர். நேற்றுவரை பைனான்ஸுக்குப் பயந்துகொண்டிருந்தவருக்கு இனி யாரிடமும் பயம் இல்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட வரமாட்டார். வெற்றுப் படிவத்தில் முன்பே கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன் என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது ஓடிபி அவர் செல்போனுக்குத்தானே போகும்? கட்டிய பணத்தை ஒப்பந்தச் சட்டம் 69-வது பிரிவின்படி அவரிடம் திரும்பக் கேட்டு வழக்குப் போடலாம், சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனால் அதற்குள் எத்தனை குறுவை, எத்தனை சம்பா போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மச்சான் அதே இடத்தில் வேறு கடன் வாங்கியிருக்கலாம், அல்லது யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கலாம். டிராக்டர் கடனை முழுக்கக் கட்டிய பிறகும், "அந்தக் கணக்கும் முடிந்தால்தான் என்.ஓ.சி." என்று கிளையில் கையை விரிப்பார்கள். அது சரியா தப்பா என்பது தனி வழக்கு. உங்கள் பணம் அங்கே மாட்டிக்கொண்டது மட்டும் நிஜம்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் மச்சானைக் கிளைக்கு அழைத்துப் போங்கள். கணக்கை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும், கட்டினால் என்.ஓ.சி. கிடைக்குமா, அவர் பேரில் வேறு பாக்கி உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள். கடன்காரர் அவர் என்பதால் அவர் கேட்டால்தான் சொல்வார்கள். கடிதம் கைக்கு வந்ததும், பணம் போவதற்கு முன்னால், பெயர் மாற்றப் படிவங்களிலும் ஹெச்.பி.யை ரத்து செய்யும் 35-ஆம் படிவத்திலும் அவர் கையெழுத்து, பக்கத்தில் உங்கள் இருவருக்கும் இடையே ஒரு உடன்படிக்கை. அப்புறம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கடன் கணக்குக்கு. வசூலுக்கு வருபவர் கையில் ஒரு ரூபாய்கூட ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், மச்சான் கையிலும் வேண்டாம்.

மச்சான் ஏன் இறங்கி வர வேண்டும் என்று கேட்பீர்கள். அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அது அவருக்கே தெரிந்திருக்காது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. "இன்று முதல் வண்டியால் வரும் எல்லாப் பொறுப்பும் வாங்கியவரையே சேரும்" என்று உங்களிடம் எழுதி வாங்கியிருக்கிறாரே, அது விபத்தில் அடிபட்டவரைக் கட்டுப்படுத்தாது. இதை அவருக்கு நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். பெயர் மாற்றுவதில் உங்களைவிட அவருக்குத்தான் அவசரம் இருக்க வேண்டும்.

அந்தப் பொறுப்பு அவரோடு நிற்பதில்லை, உங்கள் வீட்டுக்கும் வரும். ஓட்டுவது உங்கள் மகன். இரண்டு வருடம் நின்ற வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்க வாய்ப்பில்லை, நீங்களும் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மினி டிராக்டர் வரப்புக்குள்தானே ஓடுகிறது என்று நினைக்காதீர்கள். வயலுக்குப் போக ரோட்டில் ஏறித்தான் ஆக வேண்டும். நடவு நாளில் டிரெய்லரில் பெண்கள் ஏறிக்கொள்வார்கள், மட்கார்டில் ஒருவர் உட்காருவார். ஒரு உயிர் போனால், யார் மீது தவறு என்று பார்க்காமலே மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவின்படி 5 லட்சம் நஷ்ட ஈடு. தவறு உங்கள் மகன் மீது என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால் தொகைக்கு உச்சவரம்பே இல்லை. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் ஓட்டியவரும் ஆர்.சி. உரிமையாளரும்தான் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்கிறது அதே சட்டத்தின் 174-வது பிரிவு. அதாவது ஒரு மினி டிராக்டருக்காக நிலத்தில் கை வைக்கும் நிலைமை வரும். இன்சூரன்ஸ் எடுத்த பிறகும் டிரெய்லரில் ஆள் ஏற்றாதீர்கள். டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இடம். டிரெய்லரில் போன தொழிலாளிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2007-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எனவே முதல் வேலையாக மச்சான் பெயரிலேயே, உங்கள் செலவில், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். ஆர்.சி. அவர் பெயரில் உள்ளவரை பாலிசியும் அவர் பெயரில்தான் கிடைக்கும். அது கைக்கு வரும்வரை வண்டி கொட்டகையை விட்டு வெளியே வரக் கூடாது. தண்ணீர் வந்துவிட்டது, உழவு நிற்கிறது என்றால் வாடகை டிராக்டரை வைத்து ஓட்டுங்கள்.

சமாதானத் தொகை பற்றியும் வெளிப்படையாகவே சொல்கிறேன். 64,000-ஐக் கேட்காதீர்கள். கொடுக்காமல் வைத்திருக்கும் 35,000-ஐக் கடன் கணக்கில் கட்டுகிறேன், அதற்கு மேல் உள்ள பாக்கியை நீங்கள் கட்டுங்கள், இன்ஜின் செலவை நான் மறந்துவிடுகிறேன் என்று சொல்லுங்கள். அவரால் முடியாது என்றால், உங்கள் கையிலிருந்து இன்னும் ஒரு 40,000 வரை போனாலும் ஒத்துக்கொள்ளலாம். அதற்குப் புரோநோட் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வரும் என்று நம்பி அல்ல, இனி புதிதாக எதுவும் கேட்டு வராமல் இருப்பதற்கு. பாக்கி அதற்கும் மேலே இருந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 1,50,000-க்குத் தவணையாகத் தேதி போட்ட காசோலைகள் வாங்கிக்கொண்டு விலகுங்கள். ஓடாத வண்டியை ஓடும் வண்டியாகத் திருப்பித் தருகிறீர்கள் என்பதால் அந்தப் பேச்சில் உங்கள் கை ஓங்கியே இருக்கும். அங்கே அந்த பில்களை எடுத்து வையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள், ஆனால் முடிவானதை எழுதாமல் எழுந்து வராதீர்கள்.

பேச்சு முடிவதற்குள் பைனான்ஸ் ஆட்கள் மறுபடி வந்தால் கைகலப்பு வேண்டாம். அடியாள் வைத்து வண்டியைப் பிடுங்க அவர்களுக்கும் உரிமை கிடையாது. அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள், நகல் வாங்குங்கள், கிளைக்கு வந்து பேசுகிறோம் என்று சொல்லி அனுப்புங்கள். "சம்மதத்துடன் ஒப்படைக்கிறேன்" என்று அச்சடித்த தாளை நீட்டினால் நீங்களோ மகனோ கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியை இரவோடு இரவாக வேறு ஊரில் சொந்தக்காரர் தோப்புக்குக் கொண்டுபோய் மறைக்கவும் வேண்டாம். இப்போதைக்கு இது கடன் தகராறு. மறைத்துவிட்டால் அவர்கள் கொடுக்கும் போலீஸ் புகாரில் உங்கள் பெயரும் மகன் பெயரும் ஏறும்.