அவகாடோ விதையிலிருந்து வந்த செடியை போன்சாய் ஆக்க முடியுமா?

கேள்வி: தண்ணீர் டம்ளரில் வைத்த அவகாடோ விதை முளைத்து, இப்போது ஒன்றரை அடி உயரத்துக்கு ஒல்லியாக நிற்கிறது. உச்சியில் மட்டும் ஆறேழு பெரிய இலைகள். இதை போன்சாயாக மாற்ற முடியுமா?

முடியும். என்னிடம் ஒரு அவகாடோ போன்சாய் 6 வருடமாக இருக்கிறது. அது எனக்கு மிகவும் பிடித்த மரம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இலையைப் பற்றிப் பேசிவிடலாம், நிறைய பேர் மனம் தளர்வது அங்கேதான். தரையில் வளரும் அவகாடோ மரத்தின் இலை ஒரு சாண் நீளத்தைத் தாண்டும். தொட்டியில் நல்ல வெயில் கொடுத்து, அடிக்கடி கவாத்து செய்தால் உள்ளங்கை அளவுக்குக் குறையும். போன்சாய்க்கு வழக்கமாக எடுக்கும் ஃபைக்கஸ், சீன எல்ம் மரங்களில் பார்க்கிற நகம் போன்ற இலை இதில் வராது. ஆகவே அரை அடி உயரத்தில் ஒரு அவகாடோவை நிறுத்தினால், குச்சியில் நாலு இலையைச் செருகியது போலத்தான் இருக்கும். இரண்டிலிருந்து மூன்று அடி உயர மரத்துக்குத் திட்டமிடுங்கள். அந்த உயரத்தில் இந்த இலைகளே ஒரு நல்ல விதானமாகக் கூடிவரும். அவகாடோ போன்சாயில் நான் பார்ப்பது அடிமரத்தைத்தான். பச்சைத் தண்டு மெல்லப் பழுப்பேறி, சொரசொரப்பாகி, அடியில் அகன்று நிற்கும்போது அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சரி, உங்கள் செடி ஏன் இப்படி நிற்கிறது? அவகாடோவின் நுனி மொட்டு உயிரோடு இருக்கும்வரை கீழே உள்ள மொட்டுகளைத் தூங்கவைத்துவிடும். செடி அலை அலையாக வளரும்: சில வாரம் வேகமாகத் தளிர்விடும், பிறகு அப்படியே நிற்கும். வெளிச்சம் குறைவான இடத்தில் ஒவ்வொரு அலையிலும் கணுக்களுக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போகும். இதற்கு ஒரே வழி வெட்டுவதுதான்.

மண்ணிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். தண்டின் கீழ்ப்பகுதி வெறுமையாகத் தெரிந்தாலும் உற்றுப் பாருங்கள், சிறு செதில் போன்ற இலைத் தடங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் கக்கத்திலும் ஒரு மொட்டு ஒளிந்திருக்கிறது. முதல் முறை வெட்டியபோது எனக்குக் கை நடுங்கியது. ஒரு இலைகூட மிஞ்சவில்லை. நாலு வாரம் வெறும் குச்சிதான். ஐந்தாவது வாரம் மூன்று இடத்தில் சிவந்த கொழுந்து எட்டிப் பார்த்தது.

அந்த நாலு வாரத்தில் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. பழைய பழக்கத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகிவிடும். விதைப் பருப்பு இரண்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்த்துவிடாதீர்கள். வெட்டுக்குப் பிறகு செடிக்குச் சோறு போடுவதில் அதற்கும் பங்கு உண்டு.

தளிர்த்ததும் உடனே கிள்ளி, உடனே சின்ன போன்சாய்த் தட்டுக்கு (ஆழமில்லாத தொட்டிக்கு) மாற்றத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அடிமரம் பருப்பது இலைகள் சமைக்கும் உணவால். கிள்ளிக்கொண்டே இருந்தால் பத்து வருடம் ஆனாலும் பென்சில் தடிமன்தான். நான் முதல் 4 வருடம் ஒரு அடி அகலமுள்ள சாதாரணத் தொட்டியிலேயே வளரவிட்டேன். கீழ்க்கிளை ஒன்றை அதன் இஷ்டத்துக்கு ஓடவிட்டேன். பார்க்க அசிங்கமாக நாலடி நீண்டது. அதன் கீழே உள்ள தண்டைப் பருக்கவைப்பதுதான் அந்தக் கிளையின் வேலை. வேலை முடிந்ததும் வெட்டி எடுத்து, வெட்டுக்காயத்தை மூடும் பசை பூசிவிட்டேன். பெரிய வெட்டுக்குப் பிறகு திடீரென்று கடும் வெயிலில் வைக்காதீர்கள். அவகாடோவின் பட்டை வெயிலில் வெந்துபோகும். தோப்புகளில்கூட பலமாகக் கவாத்து செய்த கிளைகளுக்கு வெள்ளை பூசிவிடுவார்கள்.

இனி வேர். என் முதல் அவகாடோ செத்ததே வேரால்தான். இரண்டு வயதுச் செடியை, வேரில் பாதியை வெட்டி, இரண்டு அங்குல ஆழமுள்ள தட்டில் வைத்தேன். ஒரு மாதத்தில் இலைகள் வெளிறித் தொங்கின. தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் கறுத்து, தொட்டால் உடைந்தன.

அவகாடோவின் சல்லிவேர்களில், நீரை உறிஞ்சும் மெல்லிய இழைகளான வேர்த்தூவிகள் மிகக் குறைவு. இயற்கையில் அவை சருகு மூடிய மேல்மண்ணில், காற்றோட்டமான இடத்தில் படர்ந்து வாழ்பவை. எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு அடுக்கு மண், நீர் முழுதாக வடியாமல் ஈரமாகவே இருக்கும். தட்டு ஆழம் குறையக் குறைய, மொத்த மண்ணில் அந்த ஈர அடுக்கின் பங்கு கூடிவிடுகிறது. அந்த ஈரத்தில் செழிப்பது பைட்டோப்தோரா சின்னமோமி என்ற வேரழுகல் கிருமி. 1922-இல் சுமத்ராவில் லவங்கப்பட்டை மரங்களில்தான் அதை முதலில் விவரித்தார்கள். லவங்கப்பட்டையும் அவகாடோவும் லாரேசியே என்ற ஒரே குடும்பம். உலகம் முழுக்க அவகாடோ விவசாயிகளுக்கு இதுதான் பெரிய எதிரி.

அதனால் இப்போதைய மரத்துக்கு ஐந்து அங்குல ஆழமுள்ள தட்டு. மண்கலவையில் பாதிக்கு மேல் பெர்லைட் (பொரித்த, லேசான வெள்ளைக் கல்துகள்), சிறு சரளை போன்ற நீர் தேங்காத பொருட்கள், மீதி மட்கிய இலை. ஆணிவேரை ஒரே மூச்சில் எடுக்காமல், இரண்டு மாற்றுநடவுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அதுவும் வெப்பமான பருவத்தில், புதுத் தளிர் அலை தொடங்கும் நேரத்தில் மட்டும். கிளை வெட்டும் அதே வாரத்தில் வேரில் கை வைக்கவே மாட்டேன்.

இலை நுனி மட்டும் பழுப்பாகக் காய்ந்தால் அது பெரும்பாலும் உப்பு. அவகாடோவுக்கு உப்பு ஆகாது, குறிப்பாகக் குளோரைடு. மழைநீர் கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால், ஊற்றும்போது அடித்துளையில் தாராளமாக வழியும்வரை ஊற்றுங்கள். சேர்ந்த உப்பு அதோடு போய்விடும். உரமும் பாதி அளவு போதும்.

கிளையை வளைக்கக் கம்பி கட்டுவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிளை பச்சையும் பழுப்பும் கலந்திருக்கும் நிலையில் அலுமினியக் கம்பியைச் சுற்றி வளையுங்கள். முற்றிய கிளை பட்டென்று ஒடிந்துவிடும். வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள், கம்பி சீக்கிரமே பட்டையில் பதியும். பல நேரங்களில் நான் கம்பியே இல்லாமல், எந்தப் பக்க மொட்டு வேண்டுமோ அதற்கு மேலே வெட்டித்தான் வளைவு கொண்டுவருகிறேன்.

இலையைச் சிறிதாக்க எல்லா இலைகளையும் உருவிவிடும் முறையை இதில் செய்யாதீர்கள். மரம் வலுவாக இருக்கும்போது மிகப் பெரிய இலைகளை மட்டும் எடுத்தால் போதும்.

காய்க்குமா என்றால், எதிர்பார்க்காதீர்கள். விதை நாற்று தரையிலேயே காய்க்கப் பல வருடம் எடுக்கும். தாய் மரத்தின் பழம் அப்படியே வருவதும் இல்லை. புகழ்பெற்ற ஹாஸ் ரகமே கலிஃபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் 1920-களில் நட்ட ஒரு விதையிலிருந்து தற்செயலாகக் கிடைத்ததுதான். மரத்தைக் குறுக்கினாலும் பழம் குறுகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் செடியை இப்போதே வெட்ட வேண்டாம். தண்ணீரில் வளர்ந்த வேர் சட்டென்று முறியும், அதனால் முதலில் பதமாக மண்ணுக்கு மாற்றுங்கள். விதையின் மேல்பாதி மண்ணுக்கு வெளியே தெரியட்டும். இரண்டு வாரம் நேரடி வெயில் படாமல் வைத்து, பிறகு மெல்ல வெளிச்சத்தைக் கூட்டுங்கள். அடுத்த தளிர் அலை வந்து, அந்த இலைகள் கரும்பச்சையாக முற்றியதும் வெட்டலாம். வெட்டியெடுத்த இலைகளை வீட்டுப் பறவைகளுக்கோ முயலுக்கோ ஆட்டுக்கோ போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள பெர்சின் என்ற வேதிப்பொருள் அவற்றுக்கு நஞ்சு.