டொராண்டோ குளிரில் குண்டுமல்லி

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறோம். கோடை முழுவதும் பால்கனியில் பூத்துக் குலுங்கிய குண்டுமல்லித் தொட்டியை அக்டோபர் கடைசியில் வீட்டுக்குள் எடுத்து வைத்தேன். மூன்றே வாரத்தில் முக்கால்வாசி இலை கொட்டிவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லை. செடி செத்துவிட்டதா?

பதில்: தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கிளை காய்ந்திருந்தால், அடித்தண்டு வரை சுரண்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது ‘தினமும் தண்ணீர்’ என்பதுதான். வெளிச்சம் சட்டென்று குறைந்தால் மல்லி இலையைக் கொட்டும். இலை போன செடி தண்ணீரையும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். மிச்சமெல்லாம் மண்ணிலேயே நின்று வேரை அழுகவைக்கும். வாடிய செடியைப் பார்த்தால் கை தானாகத் தண்ணீர்ச் செம்புக்குப் போகும், தெரியும். ஆனால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். இப்போது உரம் வேண்டவே வேண்டாம்.

தெற்குப் பார்த்த ஜன்னலோரம் வையுங்கள். டிசம்பரில் உங்கள் ஊரில் பகலே சுமார் 9 மணி நேரம்தான் என்பதால், முடிந்தால் செடிகளுக்கான எல்.இ.டி. விளக்கும் போடலாம். ஹீட்டரின் வறண்ட காற்றில் சிலந்திப்பேன் வரும். இலையில் வெளிறிய புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் அதுதான். வாரம் ஒருமுறை ஷவரில் இலைகளின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள்.

மார்ச்சில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் வெட்டுங்கள். மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். துளிர் ஓட ஆரம்பித்ததும் உரம் கொடுக்கலாம்.

மே மாதம் விக்டோரியா டே விடுமுறையில் அக்கம்பக்கத்தினர் செடிகளை வெளியே வைப்பார்கள். மல்லிக்கு அது ரொம்ப சீக்கிரம். இரவு 10 டிகிரிக்குக் கீழே போகாத நாட்கள் வரட்டும், பெரும்பாலும் ஜூன் ஆகிவிடும். முதல் ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கிய பிறகே வெயிலுக்கு நகர்த்துங்கள்.

அடுத்த முறை அக்டோபர் கடைசி வரை வெளியே விடாதீர்கள். குளிரில் நடுங்கிய செடி ஒரே நாளில் ஹீட்டர் சூட்டுக்கு வந்தால் தாங்காது. செப்டம்பரில் இரவுகள் 12 டிகிரியைத் தொட்டதுமே உள்ளே எடுத்துவிடுங்கள்.