நின்றுபோன முதியோர் உதவித்தொகை: மாநில அளவில் சேர்வது பற்றி

வணக்கம் ஐயா. உங்கள் ஊரில் பதினொரு பேருக்கு முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது, மூன்று முறை மனு கொடுத்தும் பதில் இல்லை, மற்ற மாவட்டச் சங்கங்களோடு சேர்ந்து போராடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சேருங்கள். ஆனால் அதுவரை இந்தப் பதினொரு பேரைக் காக்க வைக்காதீர்கள்.

ஆளுக்கொரு மனு எழுதி, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். அசையவில்லையா, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்குப் போங்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

காரணம் பல நேரம் மிகச் சின்னது. எங்கள் தெருப் பாட்டி ஒருவருக்குக் கட்டைவிரல் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. நாற்பது வருடம் செங்கல் சுமந்த கை. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்தார், கைரேகைக் கருவி ஏற்கவே இல்லை. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

இதே காரணம் ஐந்து மாவட்டங்களில் பதிவானால் அது தனிப்பட்ட குறையல்ல, விதியின் கோளாறு. அங்கேதான் கூட்டமைப்புக்கு வேலை. அதனால் எல்லாச் சங்கங்களும் ஒரே படிவத்தில் குறித்து வையுங்கள்: வயது, நின்ற மாதம், சொன்ன காரணம்.

அப்புறம் தொகை. தமிழ்நாட்டில் 2023-இல் மாதம் 1,000 ரூபாய் 1,200 ஆனது. தேசிய முதியோர் உதவித்தொகைத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு வெறும் 200 ரூபாய். முதியோர் ஓய்வூதியத்துக்காகப் போராடும் பென்ஷன் பரிஷத் என்ற அமைப்பு, 2012 முதல் குறைந்தபட்சக் கூலியில் பாதியாவது கேட்கிறது. நீங்களும் அந்த ஒரே கோரிக்கையில் நில்லுங்கள். பத்துக் கோரிக்கை வைத்தால் ஒன்றும் நடக்காது.

மேடையில் பாட்டிகளே பேசட்டும் ஐயா.