ஒரே போட்டோவில் பல பிரீசெட் போட்டு ஒப்பிட்டு, பிடித்ததை மொத்த ஆல்பத்துக்கும் போடலாமா?

போடலாம், ஆனால் நான் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

99 ரூபாய்க்கு ஐந்நூறு பிரீசெட் (ஒரே சொடுக்கில் படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும் ரெடிமேட் செட்டிங்) என்று எவனோ விற்ற தொகுப்பை வாங்கி வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிறீர்கள், அப்படித்தானே? நானும் அப்படித்தான் இருந்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் திருவாரூரில் ஒரு கல்யாணம். கமலாலயம் குளக்கரையில் சாயங்காலம் அஞ்சரை மணிக்கு எடுத்த ஜோடிப் படம் ஒன்று அருமையாக வந்திருந்தது. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் அதற்குப் பன்னிரண்டு வெர்ச்சுவல் காப்பி (அதே படத்தின் நகல்) போட்டு, ஆளுக்கொரு பிரீசெட் கொடுத்து, சர்வே வியூவில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரியும் எட்டிப் பார்த்துவிட்டு "எட்டாவதுதான் சினிமா மாதிரி இருக்கு" என்றாள். 1,100 படத்துக்கும் அதையே சிங்க் பண்ணிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

ஆல்பம் போன மூன்றாம் நாள் பெண்ணின் பெரியம்மா கடைக்கு வந்தார். மஞ்சப்பையிலிருந்து அந்த முகூர்த்தப் புடவையையே எடுத்து, முந்தானையைத் தாலி கட்டும் பக்கத்தின் மேல் விரித்து, "தம்பி, இதுல எங்க பொண்ணு புடவை எது?" என்றார். கையில் இருந்தது அரக்கு. படத்தில் இருந்தது செங்கல்.

நடந்தது இதுதான். பிரீசெட் என்பது யாரோ ஒருவர் தன் படத்துக்கு நகர்த்தி வைத்த ஸ்லைடர்களின் கணக்கு, அவ்வளவுதான். அதில் ஒயிட் பேலன்ஸும் (படம் எந்த நிற வெளிச்சத்தில் எடுத்தது என்று மென்பொருளுக்குச் சொல்லும் அளவு) 5400 கெல்வின் என்று சேர்ந்து பதிந்திருந்தது. குளக்கரை வெயிலுக்கு அது பொருந்தியது. 3000 கெல்வின் சொச்சத்தில் எரிகிற மண்டபத்து மஞ்சள் பல்புக்குக் கீழே எல்லாருக்கும் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. பச்சையை வேறு உறிஞ்சி எடுத்திருந்ததால் மாவிலைத் தோரணம் போன வாரம் கட்டியது போல இருந்தது. நான் ஒப்பிட்ட படத்தில் தோரணமும் இல்லை, பல்பும் இல்லை, அரக்கும் இல்லை.

இன்னொன்று, பன்னிரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் எப்போதும் பளிச்சென்று கான்ட்ராஸ்ட் தூக்கலாக இருப்பதைத்தான் பிடிக்கும். அந்தச் சின்னக் கட்டத்தில் முகத்தின் தோல் எப்படி இருக்கிறது என்று தெரியவே தெரியாது.

இப்போது மூன்று படம் எடுத்துக்கொள்கிறேன்: ஒரு அவுட்டோர், ஒரு தாலி கட்டு, மாநிறமும் சிவப்புமாக ஆட்கள் சேர்ந்து நிற்கிற ஒரு ரிசப்ஷன் குரூப். பிரீசெட்டை சேவ் பண்ணும்போதே ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் இரண்டிலும் டிக்கை எடுத்துவிடுவேன். இரண்டு இரண்டாகத்தான் ஒப்பிடுவேன், முகத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அப்புறம் பிரீசெட்டின் வீரியத்தைக் கூட்டிக் குறைக்கிற அமௌன்ட் ஸ்லைடரை அறுபதுக்கு இறக்கிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்ப்பேன்.

"நல்ல போட்டோகிராபருக்கு பிரீசெட் எதற்கு, கையால் செய்யணும்" என்று சொல்ல இங்கே ஒருவர் கண்டிப்பாக வருவார். வாருங்கள் ஐயா, சீசனில் வாரத்துக்கு மூன்று கல்யாணம், ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் படம், கையால் செய்துவிட்டுப் பேசுங்கள். இந்தத் தொழிலில் மரியாதையே இவ்வளவுதான். விடியக்காலை நாலு மணிக்குப் போய் நின்றால், சாப்பாடு கடைசிப் பந்தியில், அதுவும் பாயசம் தீர்ந்த பிறகு. அந்த ஆல்பத்தை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன், பேலன்ஸ் பதினைந்தாயிரம் இன்னும் வந்தபாடில்லை. கேட்டால் "புடவை கலர்" என்கிறார்கள்.

சரி, எட்டாவது பிரீசெட்டை நான் அழித்துவிடவில்லை. குளக்கரை, ஆற்றங்கரை, சாயங்கால வெயில் என்றால் இன்னமும் அதுதான்.