பாதி ஆண்டில் பள்ளியை மாற்றினால் கைப்பணம் தாங்குமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் வசிக்கிறோம். கணவர் விசைப்படகில் மீன் விற்ற பணத்தில் பங்குக்குப் போகிறார். நான் ராமேஸ்வரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிறேன். சம்பளம் 11,000 ரூபாய். மகளுக்கு செப்டம்பரில் 3 வயது முடிந்தது. வீட்டுப் பக்கத்து நர்சரியில் பிரீ கே.ஜி. படிக்கிறாள். ஆண்டுக்கு 16,000 ரூபாய். ஜூனில் 9,000 கட்டிவிட்டோம், டிசம்பரில் 7,000 கட்ட வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே அறை, ஒரே ஆயா. கழிவறையில் பாதி நாள் தண்ணீர் இல்லாததால் வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டே இருக்கிறாள். ஜூனிலிருந்து மூன்று டீச்சர் மாறிவிட்டார்கள். ராமேஸ்வரத்தில் ஒரு பள்ளியில் இப்போதே சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். சேர்க்கைக்கு 5,000, மீதி மாதங்களுக்கு 12,000, சீருடையும் புத்தகமும் 2,500, வேன் மாதம் 1,000. அடுத்த ஆண்டு எல்.கே.ஜி.க்கு 24,000. வங்கியில் 12,000 இருக்கிறது. அஞ்சலகத்தில் மாதம் 2,000 ஆர்.டி. (தொடர் வைப்பு), 15 தவணை கட்டியிருக்கிறேன். ஆர்.டி.யை உடைக்கவா, காப்பை அடகு வைக்கவா? "கட்டின காசுக்காவது இந்த வருஷம் ஓடட்டும்" என்கிறார் மாமியார். வீட்டுச் செலவு மாதம் 20,000 ஆகிறது.

பதில்: சகோதரி, முதலில் அந்த 9,000 ரூபாயைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளை அங்கே இருந்தாலும் அது திரும்பாது, எடுத்துவிட்டாலும் திரும்பாது. அதை நியாயப்படுத்த உங்கள் மாமியார் சொல்வதுபோல் இன்னும் 7,000 கட்டினால், பிடிக்காத பள்ளிக்கு 16,000 கொடுத்ததாக ஆகும். இனிமேல் கையை விட்டுப் போகப்போகிற பணம் மட்டும்தான் நம் பேச்சு.

எடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. டீச்சர் மாறுவதும் நெரிசலும் மட்டும் என்றால், ஏப்ரல் வரை பொறுங்கள் என்று சொல்லியிருப்பேன். மூன்று வயதுப் பிள்ளை மணிக்கணக்கில் சிறுநீரை அடக்கினால் தொற்று வரலாம், வந்தால் மருத்துவச் செலவும் வரும். அதற்காக 7,000 ரூபாய் கட்டுவானேன்?

எங்கே மாற்றுவது என்பதில்தான் உங்களோடு மாறுபடுகிறேன். ராமேஸ்வரம் பள்ளிக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கணக்குப் போட்டால், 5,000, 12,000, 2,500, வேனுக்கு 5,000, ஆக 24,500 ரூபாய். இருக்கும் பள்ளியிலேயே விட்டால் 7,000. ஐந்து மாதத்துக்கு 17,500 ரூபாய் கூடுதல். தொகையைவிட அது எந்த நேரத்தில் போகிறது என்பதுதான் எனக்குக் கவலை. நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை; புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. மழை இல்லாவிட்டாலும் உங்கள் பக்கம் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால் வேலைநிறுத்தம் வேறு. இதெல்லாம் தாண்டி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளிகள் புதுக் கட்டணம் கேட்பதும் சரியாக அந்த நாட்களில்தான். மாதச் சம்பளக்காரர் வீட்டுக்குச் சொல்லும் யோசனையை உங்கள் வீட்டுக்கு அப்படியே சொல்ல முடியாததற்குக் காரணம் இந்த இரண்டு மாதம்தான்.

தடைக்காலத்தின் இரண்டு மாதச் செலவு 40,000. உங்கள் சம்பளம் 22,000, அரசின் தடைக்கால நிவாரணம் 8,000. பத்தாயிரம் துண்டு விழுகிறது. நிவாரணம் எந்தத் தேதியில் கணக்கில் ஏறும் என்பதும் நம் கையில் இல்லை. வங்கியில் இருக்கும் 12,000 அந்தத் துண்டுக்கான பணம். அதை டிசம்பரிலேயே சேர்க்கைக் கட்டணமாகக் கொடுத்துவிட்டால், மே மாதம் அரிசிக்கே கடன் வாங்க வேண்டியிருக்கும்.

நீங்கள் பட்டியலில் சேர்க்காத ஓர் இடம் இருக்கிறது: அங்கன்வாடி. 2 வயது முதல் 6 வயது வரை சேர்த்துக்கொள்வார்கள். கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு. "காசு கொடுத்துப் படித்த பிள்ளையை பால்வாடிக்கு அனுப்புவதா" என்று வீட்டில் முணுமுணுப்பு வரும், தெரியும். எல்லா மையமும் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் காலை பதினொரு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பணியாளர் இருக்கிறாரா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பிள்ளைகள் விளையாடுகிறார்களா, இது மூன்றும் போதும். எல்.கே.ஜி.யில் சேர வயதுதான் கணக்கு, பிரீ கே.ஜி. முடித்த சான்று தேவையில்லை. மூன்று வயதில் நாலு வரி நோட்டு எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, சரி, அது என் துறை இல்லை.

மையம் மூடியபின் நீங்கள் வேலை முடித்து வரும்வரை பார்த்துக்கொள்ள பக்கத்து வீட்டில் ஒருவருக்கு மாதம் 1,000 கொடுத்தாலும் ஐந்து மாதத்துக்கு 5,000தான். டிசம்பரில் நர்சரிக்குக் கட்டவிருந்த ஏழாயிரத்தில் இது அடங்கிவிடும், 2,000 மிஞ்சும்.

ஐந்து மாதம் இப்படி ஓட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். கிடைத்தால் 8ஆம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று 3 வயது முடிந்திருக்க வேண்டும், 4 தாண்டியிருக்கக் கூடாது. உங்கள் மகளுக்கு அன்றைக்கு 3 வயது 10 மாதம். எல்.கே.ஜி.க்கு வாசல் திறந்திருப்பது இந்த ஒரே ஆண்டுதான், யு.கே.ஜி.யில் இந்த வழியாக நுழைய முடியாது. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நலிவடைந்த பிரிவுக்கு மட்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர் எல்லாம் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருவதால் அந்த வரம்பு கிடையாது. இது தெரியாமல் வருமானச் சான்றோடு நின்றுவிடுகிறவர்கள் பலர். பிறப்புச் சான்று, சாதிச் சான்று, முகவரிச் சான்று மூன்றையும் மார்ச்சுக்குள் எடுத்து வையுங்கள்.

இதையே முழுதாக நம்பி இருந்துவிடவும் கூடாது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்கு முன்னுரிமை என்பதால் ராமேஸ்வரம் பள்ளியை இந்த வழியில் எதிர்பார்க்க வேண்டாம். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். 2014இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ராமேஸ்வரம் தீவில் கிறிஸ்தவ சபைப் பள்ளிகள் இருப்பதால் எந்தப் பள்ளி பட்டியலில் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். 2025-26இல் மத்திய அரசின் நிதி வராத விவகாரத்தில் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்ததையும் மறக்க வேண்டாம்.

இடம் கிடைக்காவிட்டால் ஜூனில் ராமேஸ்வரம் பள்ளியே. ஆனால் 24,000 ரூபாயை இரண்டு தவணையாகக் கேளுங்கள். முதல் தவணை 12,000. டிசம்பர் பணத்தில் மிஞ்சும் 2,000, வங்கிப் பணத்தில் தடைக்காலத் துண்டு போக மிஞ்சும் 2,000, இரண்டும் கையில் இருக்கும். மீதி 8,000க்கு ஆர்.டி. உதவும்.

ஆர்.டி.யை உடைக்கவா என்று கேட்டீர்கள். அஞ்சலக ஆர்.டி.யை 3 ஆண்டு முடியாமல் மூட முடியாது. 12 தவணை கட்டி, கணக்கு ஓராண்டு தாண்டியிருந்தால், இருப்பில் பாதி வரை கடன் தருவார்கள், வட்டி ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதம். உங்கள் கணக்குக்கு 6.7 சதவீதம் என்றால் கடனுக்கு 8.7. ஏப்ரலில் 20 தவணை ஆகியிருக்கும், 40,000 இருப்பு, 20,000 வரை கேட்கலாம். எட்டாயிரம் எடுத்து நான்கு மாதத்தில் அடைத்தால் வட்டி சுமார் 230 ரூபாய். தடை நீங்கி படகு இறங்கிய முதல் வாரங்களின் பங்கிலிருந்தே அடைக்கத் தொடங்கிவிடலாம்.

காப்பை இப்போது எடுக்காதீர்கள். வங்கிப் பணம் போக 12,500க்கு அடகு வைக்க நினைத்திருப்பீர்கள். அடகுக்கடையில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் மாதம் 250. ஆகஸ்டில் மீட்பதற்குள் 2,250. ஏதாவது அவசரம் வந்து வைத்தே ஆக வேண்டுமென்றால் கூட்டுறவு வங்கிக்குப் போங்கள், கடைக்கு வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் என் பதில் மாறும். இப்போது கொடுக்கும் 5,000 ரூபாய் சேர்க்கைக் கட்டணத்தை எல்.கே.ஜி.க்கு மறுபடி கேட்கமாட்டோம், 12,000 ரூபாயை மாதாமாதம் வாங்கிக்கொள்கிறோம் என்று ராமேஸ்வரம் பள்ளி எழுதிக் கொடுத்தால், அங்கன்வாடியும் உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால், யோசிக்கலாம். பாதி ஆண்டில் காலியாகக் கிடக்கும் இடம் அது. கேட்டால் இறங்கி வருவார்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நர்சரிக்கு டிசம்பர் தவணை நாளுக்கு முன்பே, பிள்ளையை நிறுத்துகிறோம் என்று தேதி போட்டு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பாக்கி என்று பின்னால் யாரும் கேட்க வழி இருக்காது. ஜூனில் கட்டிய ரசீதையும் அதோடு சேர்த்து வையுங்கள்.